பிஹோல்டர் போய் பூசணிக்காய் வந்த கதை

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் நாங்கள் 5 பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிச் சாகசக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. அதில் ஆடுவதற்கென்று பாபநாசம் மலையடிவாரத்தில் நடக்கும் சாகசக் கதை ஒன்றை எழுதி, இணையக் கடை ஒன்றில் விற்பனைக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

அட்டையில் விளையாட்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அது வணிகச் சின்னம். போதாததற்குக் குகைக்குள் பிஹோல்டர் என்ற பல கண் பூதம் வேறு. விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த திறந்த உரிமத்தை நுனிப்புல் மேய்ந்ததன் பலன். பிறர் எடுத்தாளத் திறந்துவிட்டது எஸ்ஆர்டி என்னும் விதித்தொகுப்பைத்தான். பிஹோல்டர் அதில் இல்லை.

விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கான விதித்தொகுப்பு எஸ்ஆர்டி 5.1, ஜனவரி 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்திலும் வெளிவந்தது. நான் அதற்கு மாறினேன். பழைய உரிமம் என்றால் அதன் முழு வாசகத்தையும் அச்சிட வேண்டும், 15-ஆம் பிரிவில் பதிப்புரிமை வரிகளைச் சேர்க்க வேண்டும், எது திறந்த பகுதி என்றும் குறிக்க வேண்டும். புதிய உரிமத்தில் அந்த நிறுவனமே எழுதித் தந்திருக்கும் மூல உரிமைக் குறிப்பை அப்படியே முதல் பக்கத்தில் சேர்த்தேன். அட்டையில் 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று மட்டும் போட்டேன். அதற்கு அனுமதி உண்டு.

பூதத்துக்கு மாற்றுத்தான் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக் கட்டடத்தில் முழித்துக்கொண்டு தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய் கண்ணில் பட்டது. கயிறு அறுந்து அது உருண்டு வருகிறது என்று எழுதினேன். மறுமுறை அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். இதுவரை 11 பிரதிகள் விற்றிருக்கின்றன. அதில் 4 எங்கள் குழுவே வாங்கியவை.