ஆதிரையா, ஆதிராவா? எல்லையில் பெயர் வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பிரசவத்துக்குக் கோயம்புத்தூர். கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிறையப் பேர் கதை இதுதான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் என்ற ஆசையில் மூத்தவளுக்கு ‘ஆதிரை’ என்று வைத்தோம். பள்ளியில் சேர்த்த வாரமே பதிவேட்டில் ‘ஆதிரா’ ஆகிவிட்டாள். எழுதியவர் மேல் பழி போட முடியாது. நமது திருவாதிரை மலையாளத்தில் ‘திருவாதிர’. அதிலிருந்து வந்த ஆதிர அங்கே புழக்கத்தில் உள்ள பெயர். ‘ரை’ அவர் கண்ணுக்குப் பிழையாகப் பட்டிருக்கும்.

‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று நாங்கள் விட்டதுதான் தவறு. சான்றிதழில் ஒன்று, பள்ளியில் இன்னொன்று என்றால் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். அதில் உள்ள எழுத்தே கடைசிவரை கூட வரும்.

அடுத்தது இங்கிலீஷ் எழுத்து. ‘ஆதிரை’யின் நடு ‘தி’ நம் வாயில் மெலிந்து வருவதால் ‘டாக்’குக்கு வரும் டி போட்டு எச் சேர்க்கிறோம். மலையாளிகள் அதே இடத்தில் ‘டேபிளு’க்கு வரும் டி போட்டு எச் சேர்ப்பார்கள். (தமிழில் இரண்டுமே ‘டி’! தொல்லையின் வேர் அங்கேயே இருக்கிறது.) நமக்கு ஒரு ‘த’ போதும்; மலையாளத்தில் அந்த வரிசைக்கு நான்கு எழுத்து. நாம் போட்ட இங்கிலீஷைப் பார்த்து மலையாளத்தில் எழுதுபவர் வேறு எழுத்தைப் பிடிப்பார். மலையாளத்தில் எப்படி எழுதுவது என்று தெரிந்தவரிடம் முதலில் எழுதி வாங்கிவிட்டு, இங்கிலீஷை அப்புறம் முடிவு செய்யுங்கள். நியூமராலஜிக்காக நடுவில் ஓர் எழுத்தைச் செருகினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

செல்லப்பெயரை யாரும் யோசிப்பதே இல்லை. தாத்தா நினைவாகச் செல்வபாண்டியன் என்று வைத்து ‘பாண்டி’ என்று கூப்பிட்டால், வாளையார் எல்லைக்கு மேற்கே அது தமிழர்களை மட்டம் தட்டும் சொல். பையன் பள்ளி மைதானத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். பெயரை மாற்ற வேண்டியதில்லை, ‘செல்வா’ என்று முன்பாதியைச் சுருக்குங்கள். ‘குட்டி’யில் சிக்கல் இல்லை, கேரளத்தில் பெரிய மனிதர்களே அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு கூத்து. ஆதிரையும் ‘ஆதி’, மச்சினர் பையன் ஆதித்யனும் ‘ஆதி’. ஒருவரைக் கூப்பிட்டால் இருவரும் ஓடிவருவார்கள்.

ஆஸ்பத்திரியில் பாரம் நீட்டியதும் அவசரப்பட்டுப் பெயரை நிரப்பத் தேவையில்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பை. பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம்வரை வழியுண்டு.

இளையவளுக்கு இந்த அவகாசத்தை முழுசாக எடுத்துக்கொண்டு ‘யாழினி’ என்று வைத்தோம். மலையாளத்திலும் ‘ழ’ இருக்கிறது, பள்ளியில் சிக்கலே வராது என்று நிம்மதி. ஆந்திரச் சித்தூரில் (எங்கள் தாலூகா சித்தூர் அல்ல) இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு லீவில் போனோம். தெலுங்கில் இப்போது ‘ழ’ புழக்கத்தில் இல்லை. அந்தத் தெரு முழுக்க அவள் ‘யாலினி’.