பக்க எண் வேண்டாம், அத்தியாய எண் போதும்

படித்த நாவலைப் பற்றிக் குழுவில் கருத்து எழுதும்போது பக்க எண்ணைக் கொடுக்காதீர்கள். பாகத்தையும் அத்தியாயத்தையும் கொடுங்கள். படிக்கும்போதே புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் "பா.2, அத்.14 – படகில் நடக்கும் பேச்சு" என்று ஒரு வரி எழுதி வைத்தால், பிறகு புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டியதே இல்லை.

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனவை. அதனால் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களில், பல எழுத்தளவுகளில் கிடைக்கிறது. உங்கள் பிரதியின் 212ஆம் பக்கம் இன்னொருவர் பிரதியில் வேறெங்கோ இருக்கும். மின்நூலிலோ எழுத்தைப் பெரிதாக்கினாலே பக்கம் மாறிவிடும். ஆனால் 'ஆடித்திருநாள்' எந்தப் பதிப்பிலும் முதல் பாகத்தின் முதல் அத்தியாயம்தான். பாக எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அதில் ஒவ்வொரு பாகமும் மறுபடி 1இலிருந்து தொடங்குகிறது, வெறும் "அத்தியாயம் 10" என்றால் ஐந்து இடங்களில் தேட வேண்டும்! அத்தியாயத் தலைப்பையும் சேர்த்தால் இன்னும் நல்லது, மின்நூலில் படிப்பவர் பொருளடக்கத்தில் அதைத் தொட்டு நேராகப் போய்விடலாம்.

சிறுகதைத் தொகுப்புக்கு இது உதவாது, தொகுப்புக்குத் தொகுப்பு கதைகளின் வரிசை மாறும்; கதையின் பெயரையே எழுதுங்கள். அத்தியாயமே பிரிக்காத நாவல் என்றால் பதிப்பகம், பதிப்பு ஆண்டோடு பக்க எண் கொடுப்பதுதான் வழி. திருக்குறளுக்குக் குறள் எண் ஒன்றே போதும்.