லேசர் உலோக அச்சு: ஒரே எண்ணை நம்பினால் வரும் பிழைகள்

உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் பாகம் செய்யும் முறையில் அதிகம் நடக்கும் தவறு, ஆற்றல் அடர்த்தி என்ற ஒரே எண்ணை வைத்து இயந்திரத்தின் எல்லா அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) முடிவுசெய்வதுதான். லேசரின் திறனை, ஸ்கேன் வேகம் (லேசர் நகரும் வேகம்), கோட்டு இடைவெளி (அடுத்தடுத்த ஸ்கேன் கோடுகளுக்கு இடையிலான தூரம்), அடுக்குத் தடிமன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த டைட்டானியத்துக்கு 280 வாட் திறன், நொடிக்கு 1200 மி.மீ. வேகம், 0.14 மி.மீ. இடைவெளி, 0.03 மி.மீ. தடிமன் என்று வைத்தால் கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 56 ஜூல் வருகிறது. திறனையும் வேகத்தையும் பாதியாகக் குறைத்தாலும் விடை அதே 56தான். ஆனால் லேசர் கற்றை மெதுவாக நகரும்போது வெப்பம் சுற்றியுள்ள உலோகத்துக்குள் பரவ நேரம் கிடைப்பதால், உருகுகுளத்தின் (லேசர் பட்ட இடத்தில் உருகி நிற்கும் உலோகத்தின்) ஆழம் குறைந்து, கீழடுக்கோடு பிணைப்பு பலவீனப்படக்கூடும். கற்றையின் விட்டத்துக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாகத்துக்குள் உண்டாகும் நுண்துளைகளின் சதவீதத்தை மட்டும் அளந்துவிட்டு, அவற்றின் வடிவத்தைப் பார்க்காமல் விடுவது இதற்கு அடுத்த தவறு. என் கணிப்பில் அதிக வீண் உழைப்பைத் தருவதும் இதுவே. மாதிரியை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். அடுக்கு எல்லையை ஒட்டித் தட்டையாக, ஒழுங்கற்ற விளிம்போடு கிடக்கும் துளைக்குள் உருகாத தூள்மணிகள் அப்படியே உருண்டையாக இருந்தால், உருக்கம் போதவில்லை என்று பொருள். துளை வட்டமாக, உருகுதடத்தின் (லேசர் உருக்கிச் சென்ற கோட்டின்) அடிப்பகுதியில் இருந்தால், மிகையான வெப்பத்தால் உலோகம் ஆவியாகி உண்டான குழி சரிந்து வாயுவைச் சிறைப்பிடித்திருக்கிறது. முன்னதற்கு வேகத்தையோ இடைவெளியையோ குறைக்க வேண்டும். பின்னதற்கு வேகத்தைக் கூட்டவோ திறனைக் குறைக்கவோ வேண்டும். வகை தெரியாமல் கைவைத்தால் குறை பெருகவே செய்யும்.

10 மி.மீ. கனசதுரத்தில் நன்றாக வந்த அமைப்பை மெல்லிய சுவருக்கும், கீழே திட ஆதாரமில்லாமல் தொங்கும் பரப்புக்கும் அப்படியே பயன்படுத்துவதும் சரியல்ல. சுவரில் ஸ்கேன் கோடுகள் குட்டையாக இருப்பதால் லேசர் உடனுக்குடன் திரும்பி வந்து வெப்பத்தைச் சேர்த்துவிடுகிறது. தொங்கும் பரப்பின் அடியிலோ திட உலோகத்துக்குப் பதிலாக வெப்பத்தை எளிதில் கடத்தாத தூள்தான் இருக்கிறது. அங்கே உருகுகுளம் கீழே இறங்கி, அடிப்புறம் கரடுமுரடாகிவிடும். ஆகவே கீழ்நோக்கிய பரப்புகளுக்குத் தனி அமைப்பு தேவை.

ஆர்கான் வாயுவோட்டத்தையும் பலர் அமைப்பாகவே கருதுவதில்லை. உலோகம் உருகும்போது எழும் புகை அந்த ஓட்டத்தோடு சரியாக வெளியேறாவிட்டால் அது கற்றையைச் சிதறடிக்கும். திரையில் 280 வாட் என்று காட்டினாலும் தூளுக்குச் சேர்வது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக, அச்சு முடிந்ததும் அவசரப்பட்டுப் பாகத்தை அடித்தகட்டிலிருந்து அறுக்காதீர்கள். வேகமாகக் குளிர்ந்த உலோகத்தில் எஞ்சு தகைவு (உள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை, அழுத்தம்) தேங்கியிருக்கும். மேற்சொன்ன டைட்டானியக் கலவையைத் தகட்டோடு சேர்த்தே வெற்றிடத்திலோ ஆர்கானிலோ 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கித் தகைவை நீக்கிய பிறகே அறுக்க வேண்டும். இல்லையென்றால் ரம்பம் பாதி தூரம் போவதற்குள் பாகத்தின் முனை மேலே வளையத் தொடங்கிவிடும்.