ஜாக் பணி முடிந்து அரசமைப்புச் சட்டம் நடத்தப் போகிறீர்களா?

ஓய்வு நெருங்கும் ஜாக் அதிகாரிகள், அதாவது ராணுவத்தின் சட்டக் கிளை அதிகாரிகள், என்னைக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "சார், நாங்களும் வகுப்பெடுக்க வரலாமா?" தாராளமாக வரலாம். முதலில் தகுதி விஷயம். நிரந்தர உதவிப் பேராசிரியர் வேலை என்றால் பொதுவாக எல்.எல்.எம்.மில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். எல்.எல்.எம். இல்லையென்றால் 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த, துறை அனுபவசாலிகளுக்கான 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழி இருக்கிறது. அதற்கு 15 ஆண்டு அனுபவம் போதும், ஆனால் நீட்டிப்போடு சேர்த்து நான்கு ஆண்டுதான். வக்கீலாகப் பதிவு செய்து கோர்ட்டுக்கும் போகிறவர், வக்கீல்களின் கற்பிக்கும் உரிமை பற்றிய 1979 விதிகளின்படி, தினம் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்கவேண்டியதில்லை. ஜட்ஜ் அட்வகேட்டாக நாம் இரு தரப்பையும் தொகுத்துச் சொல்வோம், சட்டத்தை விளக்குவோம். ஓட்டு மட்டும் நமக்குக் கிடையாது. வகுப்பிலும் அதையே செய்யுங்கள். தீர்ப்பின் இரு பக்கத்தையும் வலுவாகச் சொல்லிவிட்டு, முடிவை மாணவர்களிடம் விடுங்கள். கமாண்டருக்குச் சட்டக் கருத்து எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் சிரமம்தான், அங்கே முடிவைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடிப்படை உரிமைகளை எல்லாரும் அரசமைப்பின் 14-வது பிரிவில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் 33-ல் ஆரம்பியுங்கள். "அப்போ ஜவானுக்குப் பேச்சுரிமையே கிடையாதா சார்?" என்று யாராவது கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். விளக்கவுரை இல்லாத அரசமைப்புப் புத்தகத்தைத் திறந்து 33-ஐ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படையினரின் உரிமையைக் குறைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு, அதுவும் சட்டத்தின் மூலம். அடுத்து 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவு, அதிலிருந்து 1954 ராணுவ விதிகளில் 19 முதல் 21 வரை. சங்கம், அரசியல், பத்திரிகைக்குப் பேசுவது எல்லாம் அங்கே வரும். இந்தச் சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்த்த மாணவன், பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளைச் சொல்லும் 19(2)-ஐத் தனியாக மனப்பாடம் செய்யவேண்டியிருக்காது. அப்புறம் 33-ஐ உச்ச நீதிமன்றம் அலசிய 1982-ன் பிரிதி பால் சிங் பேடி வழக்கைக் கொடுங்கள்.

கோர்ட்டுகளின் அதிகாரம் நடத்த என்னிடம் ஒரே ஒரு கணக்குதான். ஒரு சிப்பாய்க்கு லீவு மறுக்கப்படுகிறது, அவர் எங்கே போவார்? பாதி வகுப்பு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று எழுதும். 2007-ம் ஆண்டு தீர்ப்பாயச் சட்டத்தில் 'பணி விவகாரம்' என்ற வரையறையை எடுக்கச் சொன்னால், லீவு, இடமாற்றம் இரண்டும் விலக்கப்பட்டிருப்பது தெரியும். அப்படியானால் உயர்நீதிமன்றமா? அரசமைப்பின் 227(4) ராணுவத் தீர்ப்பாயங்கள் மீதான உயர்நீதிமன்ற மேற்பார்வையைத் தடுக்கிறது, ரிட் மனுவுக்கான 226-ல் அந்தத் தடை இல்லை. தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து 226-ல் போகலாமா என்பதில் உச்ச நீதிமன்றம் 2015-ல் கதவை ஏறக்குறைய சாத்தி, 2023-ல் பரஷோத்தம் தாஸ் வழக்கில் திறந்தது. விடைத்தாளில் முடிவுக்கு நான் குறைவாகத்தான் மார்க் போடுவேன், போன வழிக்குத்தான் அதிகம்.

பார்டர் கதைகளைக் குறையுங்கள். மாணவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், பாடம் நகராது. நீங்கள் கையாண்ட கோப்புகளைப் பெயர் மாற்றிக்கூடச் சொல்லவேண்டாம். சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளே ஏராளம்.

நம் கிளையைப் பற்றியே ஒன்று இருக்கிறது: ஆகஸ்ட் 2025-ல் வந்த அர்ஷ்னூர் கவுர் தீர்ப்பு. ஜாக் நியமனத்தில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று இடம் பிரித்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ராணுவச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களைக் கிளைக்குள் அனுமதித்த பிறகு, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க நிர்வாகக் கொள்கை போதாது. இதில் மட்டும் என் ஓட்டைக் கேட்டால் மறைக்கமாட்டேன்: தீர்ப்பு சரி.