இசட்/விஎம் பேக்கப்: மீட்கும் நாளில் தெரியவரும் தவறுகள்

இரவு டிடிஆர் (வட்டை நகலெடுக்கும் நிரல்) ஓடியது, பிழை எதுவும் வரவில்லை, ஆகவே பேக்கப் பத்திரம். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இசட்/விஎம்மைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர் இப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். லினக்ஸ் கெஸ்ட் (அப்படி ஓடும் ஒரு மெய்நிகர் கணினி) ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நகல் எடுக்கப்பட்டிருந்தால், அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை.

டிடிஆர் வட்டை டிராக் டிராக்காகப் படித்துக்கொண்டு போகும். கெஸ்ட் உள்ளே என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. லினக்ஸோ, எழுதச் சொன்னதில் ஒரு பகுதியை நினைவகத்திலேயே வைத்திருந்து பிறகுதான் வட்டுக்கு அனுப்பும். முதல் சிலிண்டரை, அதாவது முதல் டிராக் தொகுப்பை, படித்தபோது இருந்த நிலை கடைசிச் சிலிண்டருக்கு வரும்போது மாறியிருக்கும். நகலில் இருப்பது எந்த நொடியிலும் இருந்திராத ஒரு வட்டு. டிடிஆர் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

சேமிப்பகக் கருவியின் உடனடி நகல் வசதியான ஃபிளாஷ்காப்பி இருந்தால் ஒரு வட்டு முழுவதும் ஒரே கணத்தில் கிடைத்துவிடும். ஆனால் பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸின் எல்விஎம் நான்கு மினிடிஸ்குகளில் (கெஸ்டுக்கு ஒதுக்கிய வட்டுப் பகுதிகள்) பரவியிருக்க, ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுத்தால் பழைய கதைதான். நான்கையும் ஒரே குழுவாக எடுக்க வேண்டும். அதற்கு முன் ஃபைல் சிஸ்டத்தை எஃப்எஸ்ஃபிரீஸ் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு உறைய வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமென்றால் சிக்னல் ஷட்டவுன் (கெஸ்டை முறையாக நிறுத்தும் கட்டளை), நகல், அப்புறம் எக்ஸ்ஆட்டோலாக் (அதை மீண்டும் தொடங்கும் கட்டளை): இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. டேட்டாபேஸுக்கு அதன் சொந்த பேக்கப்பும் கட்டாயம் வேண்டும்.

யூசர் டைரக்டரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த மினிடிஸ்க் எந்த வால்யூமில் (முழு வட்டில்), எந்தச் சிலிண்டரில் தொடங்குகிறது என்பது அதில்தான் இருக்கிறது. ஸ்பூலில் (இசட்/விஎம்மின் பொதுக் கோப்புப் பகுதி) உள்ள என்எஸ்எஸ் (சேமித்து வைத்த சிஸ்டங்கள்), டிசிஎஸ்எஸ் (கெஸ்ட்கள் பகிரும் நினைவகப் பகுதிகள்) ஆகியவற்றை எஸ்பிஎக்ஸ்டேப் கட்டளை கொண்டு தனியாக எடுங்கள். பேஜிங் வால்யூம்களை (நினைவகத்தில் இடமில்லாததைத் தற்காலிகமாக வைக்கும் வட்டுகள்) நகலெடுக்க வேண்டாம், லேபிளை (வட்டின் பெயர்) குறித்து வைத்தால் போதும்.

பேக்கப் சர்வரும், டேப்பின் குறியாக்கச் சாவியைத் தரும் சர்வரும் அதே இசட்/விஎம்மில் கெஸ்ட்களாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இயந்திரம் விழுந்தால் டேப் கையில் இருக்கும், திறக்க முடியாது.

மீட்டுப் பார்க்கத் தனி இயந்திரம் இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. இசட்/விஎம்முக்குள்ளேயே இன்னொரு இசட்/விஎம்மை கெஸ்டாக ஓட்டலாம். நகல் வால்யூம்களை அதற்கு மட்டும் கொடுங்கள். அசலின் லேபிளே நகலுக்கும் இருக்கும் என்பதால், அடுத்த ஐபிஎல்லின்போது (சிஸ்டத்தை ஏற்றித் தொடங்கும்போது) இரண்டும் ஆன்லைனில் இருந்தால் முதன்மை சிஸ்டம் தவறானதை எடுத்துக்கொள்ளக்கூடும். மீட்ட லினக்ஸுக்கும் பழைய ஐபி முகவரியே இருக்கும். எனவே வழக்கமான விசுவிட்சில் (கெஸ்ட்களை இணைக்கும் மெய்நிகர் நெட்வொர்க் சுவிட்ச்) அதை இணைக்காமலே ஏற்றுங்கள்.