செதிளைத் தடவிப் பார்த்து மீன் வாங்குங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் நண்டுக் குழம்புதான். அண்ணன் கல்யாணம் முடிந்த பிறகு வந்த முதல் விருந்தில், அண்ணி இறால் தொக்கையும் நண்டையும் தொடாமல் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டு எழுந்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அண்ணி ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பம். எதைச் சாப்பிடலாம், எது ஆகாது என்று சொல்லும் பைபிளின் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தைச் சாப்பாட்டில் கடைப்பிடிப்பவர்கள். அதன் பிறகு அவர் வரும் நாட்களில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவது என் வேலை. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தால் இது உதவும்.

முதலில் வசனத்தைப் படியுங்கள்: லேவியராகமம் 11:9 முதல் 12 வரை, உபாகமம் 14:9, 10. தண்ணீரில் வாழ்பவற்றில் சிறகும் செதிளும் உள்ளவற்றைச் சாப்பிடலாம். சிறகு என்பது நாம் சொல்லும் துடுப்பு. இரண்டும் இருக்க வேண்டும். கடல், ஆறு இரண்டுக்கும் இதே சட்டம்தான். விரால் மீனுக்குத் தடையில்லை. பறவைகளைப் பெயர் பெயராக அடுக்கும் அதே அதிகாரம், ஒரு மீனைக்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் பெயரை நம்பாதீர்கள். கெளுத்திக்குச் செதில் கிடையாது, ஆகாது. கானாங்கெளுத்தி வேறு மீன், அதற்குச் செதில் உண்டு. பெயரில் கெளுத்தி இருக்கிறதே என்று நானே ஒருமுறை அதை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் தடுமாறிய இன்னொரு மீன் வவ்வால். வழுவழுவென்று வெள்ளித் தகடு மாதிரி இருந்தது. வழக்கமாக வாங்கும் அக்காவிடம், "இதுக்கு செதிலே இல்லையேக்கா" என்றேன். "இன்னாம்மா நீ, வலையிலயே பாதி கொட்டிடும். வாலாண்ட நகத்தால எதிர்ப்பக்கமா கீறு" என்றார். கீறினேன். நகக்கண்ணில் பொடிப்பொடியாக, கண்ணாடித் தூள் போல ஒட்டிக்கொண்டது. வஞ்சிரத்துக்கும் இப்படித்தான், சின்னச் செதில். எனவே முழு மீனாகப் பாருங்கள், துண்டு போட்ட பிறகு தேடாதீர்கள்.

சுறாவின் தோலைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அது செதில் ஆகாதா என்று கேட்கலாம். தோலைக் கிழிக்காமல் பெயர்த்தெடுக்க வருவதுதான் செதில் என்பது யூத ரபிகளின் விளக்கம். சுறாவில் அது வராது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுத்து வளர்ந்த எங்களுக்கு அது கஷ்டமான செய்திதான். திருக்கை, வாளை, விலாங்கு, கடம்பா, இறால், நண்டு எல்லாம் சட்டத்துக்கு வெளியே. சங்கரா, கொடுவா, மத்தி, நெத்திலி தாராளமாக ஆகும்.

ஏன் இந்தச் சட்டம்? செதில் இல்லாதது அழுக்கைத் தின்னும், அதனால் நோய் வரும் என்று பலர் சொல்வார்கள். அதிகாரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மடவை அடிச்சேற்றை மேய்கிற மீன். செதில் இருப்பதால் அது ஆகும். 44, 45 வசனங்கள் சொல்லும் காரணம் வேறு: நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள். எகிப்திலிருந்து வந்த ஒரு ஜனம், தான் யாருக்குச் சொந்தம் என்பதைத் தினமும் சோற்றுத் தட்டிலும் நினைக்க வேண்டும் என்பதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். "உங்களுக்கு அருவருப்பு" என்பதில் "உங்களுக்கு" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், நண்டு தின்கிற குப்பத்து ஜனம் அசுத்தம் என்று பேசினார். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. எங்கள் ஊர்ப் பெயரே இராயப்பரால் வந்தது. இராயப்பர் என்றால் பேதுரு, மீன் பிடித்தவர். அப்போஸ்தலர் 10-இல் அவர் யோப்பா ஊரில், வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி இறங்குவதைத் தரிசனத்தில் காண்கிறார்; அதில் இருப்பவற்றை அடித்துப் புசி என்று ஒரு சத்தம் கேட்கிறது. அதில் மிருகங்கள், ஊர்வன, பறவைகள். மீன் அந்தப் பட்டியலில் இல்லை. 28-ஆம் வசனத்தில் அவர் எடுத்துச் சொல்லும் பொருளோ மனிதரைப் பற்றியது: ஒருவனையும் அசுத்தன் என்று சொல்லாதே. பெரும்பாலான சபைகள் இதையும், வெளியே இருந்து உள்ளே போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு சொல்லும் மாற்கு 7-ஐயும் வைத்து உணவுத் தடை நீங்கியது என்கின்றன. அண்ணி வீட்டார் அப்படிப் படிப்பதில்லை. அந்த வாதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

சரி, சமையல். இறால் வறுத்த எண்ணெயில் வஞ்சிரத்தைப் போடாதீர்கள். குழம்புக்கு ருசி கூட்டக் கருவாட்டுத் துண்டு போடும் பழக்கம் இருந்தால், அது என்ன மீன் என்று பாருங்கள். சுறாக் கருவாடாக இருக்கலாம். சட்டியைத் தனியாக வையுங்கள். மீனே சாப்பிடாத அட்வென்டிஸ்ட்களும் உண்டு, முந்தின நாளே கேட்டுவிடுங்கள். போன மாதம் அம்மா சங்கரா குழம்பு வைத்து, முழுத் தலையை அண்ணியின் தட்டில் போட்டார். அவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.