ஓபி சீட்டுல எரித்திமா, பர்ப்யூரான்னு எழுதியிருந்தா எப்படி புரிஞ்சிக்கறது

ஜிப்மர்லயோ கடலூர் ஜிஎச்லயோ ஸ்கின் ஓபி போய்ட்டு வந்தா சீட்டுல வாயில நுழையாத பேரா எழுதியிருப்பாங்க, அத நெட்ல போட்டு பாத்தா பாதி போட்டோ வெள்ளக்காரங்க தோல்தான், நம்ம நெறத்துக்கு ஒத்தே வராது. அங்க செவப்புன்னு காட்டறது நம்ம மேல கருஞ்செவப்பாவோ ஊதா மாதிரியோ தான் தெரியும். அதனால கலர மட்டும் நம்பாதீங்க, அமுக்கி பாருங்க.

கண்ணாடி டம்ளர அந்த எடத்துல வெச்சு அழுத்துங்க. நெறம் மறஞ்சிட்டு எடுத்ததும் திரும்ப வந்தா எரித்திமா, ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கு அவ்ளோதான். மறையவே இல்லன்னா ரத்தம் குழாய விட்டு கசிஞ்சி தோலுக்குள்ள நிக்குது, அதான் பர்ப்யூரா. அதுலயே குண்டூசி தலை மாதிரி சின்ன சின்ன புள்ளின்னா பெட்டீக்கியே, 1 சென்டிமீட்டருக்கு மேல பரவியிருந்தா எக்கிமோசிஸ், நம்ம அடிபட்டு கன்னிப்போறதும் இதுல தான் வரும். மழை சீசன்ல காய்ச்சலோட மறையாத புள்ளி வந்துச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, காய்ச்சல் விட்டுடுச்சேன்னு உக்காந்துடாதீங்க, டெங்குல காய்ச்சல் எறங்கற நேரம் தான் ஆபத்தே.

சயனோசிஸ்னா நீலம் பாயறது. வெரல் மட்டும்னா குளிராவும் இருக்கலாம், நாக்கும் நீலமா இருந்தா ஆக்சிஜன் கொறஞ்சிருக்கு, ஆம்புலன்ஸ் கூப்புடுங்க. இக்டெரஸ் மஞ்சக்காமாலை, கண்ணு வெள்ளைய பகல் வெளிச்சத்துல பாக்கணும், உள்ளங்கை மஞ்சளாகி கண்ணு வெள்ளையாவே இருந்தா கேரட் நெறைய சாப்புட்டதால வர்ற கரோட்டினீமியாவா இருக்கலாம். பேலர்னு இருந்தா வெளிறி இருக்கீங்கன்னு அர்த்தம், கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாத்தா தெரியும்.

வெள்ளைத் திட்டுல தான் ஜனங்க ரொம்ப கொழம்பறாங்க. ஹைப்போபிக்மென்டேஷன்னா நெறம் கொறஞ்சிருக்கு, டீபிக்மென்டேஷன்னா சுத்தமா போயிடுச்சு. விட்டிலிகோ, அதாவது வெண்புள்ளி, ரெண்டாவது வகை, தொட்டா அடுத்தவங்களுக்கு ஒட்டாது. டீனியா வெர்சிகலர் நம்ம தேமல், பூஞ்சை, இந்த கடலோர புழுக்கத்துக்கு நெஞ்சுலயும் முதுகுலயும் வரும், நகத்தால சொரண்டுனா பொடி உதிரும். பசங்க கன்னத்துல மங்கலா வர்றது பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா, வறண்ட தோல், பாட்டி சொல்ற மாதிரி வயித்துப்பூச்சி இல்ல. ஆனா மங்கின எடத்துல தொட்டா உணர்ச்சியே தெரியலன்னா தொழுநோயான்னு கண்டிப்பா பாக்கணும், பயப்படாதீங்க, மருந்து அரசாங்கமே சும்மா குடுக்குது, முழுசா குணமாயிடும்.

கருப்பாகறது ஹைப்பர்பிக்மென்டேஷன். கன்னத்துல மங்கு வந்தா மெலாஸ்மா, வெயில் பட்டா கூடும். கழுத்து மடிப்புல வெல்வெட் மாதிரி தடிச்சி கருத்துச்சுன்னா அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ், அழுக்குன்னு பீர்க்கங்கா நாரால தேய்ச்சி புண்ணாக்கிக்காதீங்க, சுகர் டெஸ்ட் எடுங்க. மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுக்கற செவப்பழகு க்ரீம் மட்டும் இதுக்கெல்லாம் வாங்கி தடவாதீங்க, நெறைய க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்கு, முகத்துல தோல் மெலிஞ்சி ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சிடும்.